கடவுள் வருவதற்கு முந்தைய நிமிடம்

கி.மு. 409இல் ஏதென்ஸ் நகரத்து டயனைசஸ் திருவிழாவில் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஃபிலொக்டீட்டஸ்’ நாடகம் அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியில் நியோப்டோலமஸ் என்கிற இளைஞன், புண்பட்ட காலோடு எதிரே நிற்கும் ஃபிலொக்டீட்டஸைப் பார்த்து, “சரி, போகலாம்” என்கிறான். வசனம் அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவன் எதையெல்லாம் கைவிடுகிறான் என்று பாருங்கள். ட்ராய் போரில் கிடைக்கவிருந்த வெற்றி போகிறது. தன் தந்தை அக்கிலீஸுக்கு நிகராகப் பெறவிருந்த புகழ் போகிறது. கிரேக்கப் படையே பழி சொல்லும், தன் ஊர்மேல் திரண்டு வந்தாலும் வரும் என்பது அவனுக்குத் தெரியும். அதை வாய்விட்டும் கேட்கிறான். தெரிந்தேதான் ‘போகலாம்’ என்கிறான்.

அவர்கள் கிளம்பும்போது குகைக்கு மேலே ஹெராக்ளிஸ் தோன்றுகிறார். மனிதனாக வாழ்ந்து, சிதையில் எரிந்து, கடவுளானவர். வீட்டுக்குப் போகாதீர்கள், இருவரும் ட்ராய்க்குப் போங்கள், புண் ஆறும், நகரம் விழும், புகழ் உங்களைச் சேரும் என்கிறார். இருவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். நாடகம் முடிகிறது.

படிப்பவர்கள் பலருக்கு இங்கே கோபம் வரும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த முடிவை ஒரு கடவுள் வந்து நொடியில் மாற்றிவிட்டாரே என்று தோன்றும். முடிச்சு இறுகிப்போன இடத்தில் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அவிழ்ப்பது நாடகக்காரர்களின் மிகப் பழைய வழி. வருபவர் கடவுளாக இருக்கலாம், ராஜாவின் ஆளாக இருக்கலாம். தொலைந்துபோன அண்ணனாகவோ திடீர் உயிலாகவோ ஒரு லாரி விபத்தாகவோ கடைசி ரீலில் வரும் போலீஸ் ஜீப்பாகவோகூட இருக்கலாம். பார்த்ததும் ‘இது ஏமாற்று’ என்கிறோம். எல்லா நேரமும் அது ஏமாற்று அல்ல என்பது என் கட்சி. யார் வருகிறார், எவ்வளவு திடீரென்று வருகிறார் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அவர் வருவதற்கு முந்தைய நிமிடத்தைத்தான் பார்ப்பேன். முடிவெடுக்க வேண்டியவர் அதற்குள் முடிவெடுத்துவிட்டாரா? அல்லது முடிவெடுக்கும் பாரத்திலிருந்து அவரைத் தப்புவிக்கத்தான் அந்த வருகையா?

ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் இருந்தது டயனைசஸ் அரங்கம். மேடைக்குப் பின்னால் ஒரு கட்டடம். அங்கே நீண்ட மர உத்தரம், கயிறு, கப்பி எல்லாம் சேர்ந்த ஒரு பாரந்தூக்கி. நடிகரை அதில் மாட்டித் தூக்கி, கூரைக்கு மேலே அந்தரத்தில் கொண்டுவருவார்கள். சில நாடகங்களில் கடவுள் கூரைமேல் ஏறி நின்றே பேசியிருக்கலாம். எதில் எது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தூக்கியதும் இயக்கியதும் பார்வையாளர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. கி.மு. 421இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘அமைதி’ நாடகத்தில் ஒரு குடியானவன் சாணிவண்டின்மேல் ஏறி வானத்துக்குப் பறக்கிறான். பறந்துகொண்டிருக்கும்போதே பயந்துபோய், கதையை விட்டுவிட்டு, பாரந்தூக்கியை இயக்குபவரிடம் ‘பார்த்துப் பண்ணப்பா’ என்று கெஞ்சுகிறான்.

புகாரும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. ஆன்டிஃபனீஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர் எழுதியதில் ஒரு துண்டு தப்பிப் பிழைத்திருக்கிறது. துன்பியல் எழுதுபவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனால் விரலைத் தூக்குவதுபோல் பாரந்தூக்கியைத் தூக்கிவிடுகிறார்கள், கூட்டமும் திருப்தியாகிவிடுகிறது, எங்களுக்கு அந்த வசதி இல்லை என்று அவர் அதில் ஆதங்கப்படுகிறார். பிளேட்டோவின் ‘க்ராட்டிலஸ்’ உரையாடலிலும், திக்குத் தெரியாமல் போகும்போது கடவுளைத் தூக்கிக்கொண்டு வரும் துன்பியல்காரர்கள் பற்றி ஒரு குத்தல் உண்டு. அரிஸ்டாட்டில் அதை விதியாகவே எழுதிவிட்டார். ‘கவிதையியல்’ 15ஆம் அத்தியாயத்தில், முடிச்சு கதையிலிருந்தே அவிழ வேண்டும் என்கிறார். மேலிருந்து வரும் கடவுள் முன்பு நடந்ததைச் சொல்லலாம், இனி நடக்கப்போவதைச் சொல்லலாம். நாடகத்துக்குள் நடக்க வேண்டியதில் அவருக்கு வேலை இல்லை. இன்றைக்குத் திரைக்கதை கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வதும் இதையேதான்.

விதி நல்ல விதி. ஆனால் ஃபிலொக்டீட்டஸின் கதையை அந்த விதியால் மட்டும் அளந்தால், நாடகத்தின் உயிரான இடம் கையில் சிக்காமல் போய்விடும்.

ட்ராய்க்குப் போகும் வழியில் ஃபிலொக்டீட்டஸைப் பாம்பு கடித்துவிடுகிறது. புண் ஆறவில்லை. சீழ் வடிகிறது, நாறுகிறது, வலியில் அவர் போடும் கூச்சலில் யாகம்கூட நடத்த முடியவில்லை. அதனால் ஒடிசியஸின் யோசனைப்படி அவரை லெம்னோஸ் தீவில், தூங்கும்போது, விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குறி தப்பாத ஒரு வில் மட்டும் துணை. ஹெராக்ளிஸின் சிதைக்குத் தீ வைக்க யாரும் முன்வராதபோது தீ வைத்தவர் இவர். அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது அந்த வில். பறவைகளை அடித்துத் தின்றுகொண்டு, காலை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குப் போய்க்கொண்டு, தனியாக ஆண்டுகளைக் கழிக்கிறார். பிறகு ஒரு குறி சொல்பவன் மூலம் தெரிகிறது, இந்த மனிதரும் இந்த வில்லும் இல்லாமல் ட்ராய் விழாது என்று. தூக்கி எறிந்தவர்களுக்கே இப்போது அவர் தேவைப்படுகிறார்.

ஒடிசியஸ் நேரில் வந்தால் அம்பு பாயும். அதனால் பொய் சொல்லி அவரை ஏமாற்றுவதற்கு, அவருக்கு முன்பின் தெரியாத நியோப்டோலமஸைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பையனுக்கு அது பிடிக்கவில்லை. பலத்தால் செய்யலாம், வஞ்சகம் வேண்டாம் என்கிறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வெட்கத்தை விட்டுவிடு, பிறகு காலமெல்லாம் நல்லவனாக இருந்துகொள் என்று ஒடிசியஸ் பேசிச் சரிக்கட்டுகிறான். அரசியலில், அலுவலகத்தில், குடும்பத்தில் நாம் எல்லோரும் எப்போதாவது கேட்ட பேச்சு இது. அவன் சம்மதித்துப் பொய் சொல்கிறான். ஃபிலொக்டீட்டஸ் நம்புகிறார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தன் மொழி காதில் விழுந்ததற்கே அவர் அப்படி மகிழ்ந்துபோகிறார். வலி உச்சத்துக்குப் போகும்போது, மயங்கிவிடுவோம் என்று பயந்து, தன் ஒரே சொத்தான வில்லை இவன் கையில் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார்.

காரியம் முடிந்துவிட்டது. வில் கையில். போகலாம். ஆனால் அந்தப் பையனால் போக முடியவில்லை. அவர் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டான். உண்மையைச் சொல்கிறான், வில்லை வைத்துக்கொண்டு தவிக்கிறான், ஒடிசியஸ் குறுக்கே வந்து இழுத்துக்கொண்டு போகிறான். பிறகு திரும்பி வருகிறான். ஒடிசியஸ் வாளை உருவப் பார்த்தும் அஞ்சாமல் வில்லை உரியவரிடம் கொடுக்கிறான். கொடுத்த பிறகு, இப்போது பொய்யில்லாமல், நண்பனாகக் கேட்கிறான்: ட்ராய்க்கு வாருங்கள், மருத்துவம் கிடைக்கும், குணமாகும். அவர் மறுக்கிறார். தன்னை நாயைப்போல் விட்டுப்போனவர்களுக்கு உதவ மாட்டேன், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாயே, அதைச் செய் என்கிறார். அப்போதுதான் அந்த ‘சரி, போகலாம்’.

சோஃபக்ளீஸ் எங்கே நிறுத்திவிட்டு ஹெராக்ளிஸைக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். பையனின் மனம் முழுதாகத் திரும்பிய பிறகு. சொன்ன சொல்லுக்காக எல்லாவற்றையும் இழக்க அவன் கால் எடுத்து வைத்த பிறகு. ஹெராக்ளிஸ் அரை நிமிடம் முன்னால் வந்திருந்தால் நாடகம் வீண். ‘கடவுள் சொன்னதால் செய்தான்’ என்று ஆகியிருக்கும். இப்போது அவர் மாற்றுவது கப்பல் போகும் திசையை மட்டும். நியோப்டோலமஸ் யார் என்பதை அவரால் மாற்ற முடியாது. அது ஏற்கனவே தீர்ந்துபோன விஷயம்.

அன்றைய மேடையில் பேசும் பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஏற்று நடித்தவர்கள் மூவர்தான். ஃபிலொக்டீட்டஸும் நியோப்டோலமஸும் கண்முன்னே நிற்கிறார்கள். அப்படியானால் ஹெராக்ளிஸின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்தவர், சற்று முன்வரை ஒடிசியஸாக நடித்தவராகத்தான் இருக்க வேண்டும். வஞ்சகத்தால் ட்ராய்க்குக் கூட்டிப்போக முயன்ற அதே குரல் இப்போது கடவுளாக நின்று அதே ட்ராய்க்குக் கூப்பிடுகிறது. போகும் இடம் ஒன்றுதான்; முதலில் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது, இப்போது கேட்டு நிற்கிறது. எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த விஷயம் இது. சோஃபக்ளீஸின் கிடைத்திருக்கும் ஏழு நாடகங்களில் கடவுள் இப்படிக் கடைசியில் வந்து நிற்பது இது ஒன்றில்தான். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மாமேதை மற்ற ஆறிலும் கையில் எடுக்காத கருவியை எடுக்கிறார் என்றால், வழி தெரியாமல் எடுத்தார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சோஃபக்ளீஸ் காலத்து இன்னொரு நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் வேறு மாதிரி. அவருடைய நாடகங்களில் ஏறக்குறைய பாதி கடவுளின் வருகையோடுதான் முடிகின்றன. சோம்பேறித்தனம் என்று அவரைத் திட்டுபவர்கள் ‘டாரிஸ் நாட்டில் இஃபிஜீனியா’வின் கடைசியைக் கவனிக்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் கண்டுகொண்டு, அரசனை ஏமாற்றி, கப்பலில் ஏறித் தப்பிவிடுகிறார்கள். கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் பெரிய அலை ஒன்று எழுந்து கப்பலைத் திரும்பக் கரைக்கே தள்ளுகிறது. அரசன் பிடிக்க ஆள் அனுப்புகிறான். அப்போது அதீனா தேவி வருகிறாள். முடிச்சு அவிழ்ந்துவிட்ட பிறகு, கடவுளை வரவழைப்பதற்காகவே இன்னொரு முடிச்சைக் கவிஞர் தாமே போடுகிறார். வேறு வழியில்லாமல் செய்ததாக இதைச் சொல்ல முடியுமா? ‘அயோன்’ நாடகத்தில் இன்னும் துணிச்சல். க்ரியூஸா என்ற பெண்ணைக் கெடுத்துப் பிள்ளை கொடுத்த கடவுள் அப்போலோ கடைசியில் வந்து பதில் சொல்ல வேண்டும். வரவில்லை. அதீனாதான் வருகிறாள், நடந்ததற்கெல்லாம் ஏச்சுக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் உங்கள் முன்னால் வரவில்லை என்று சொல்கிறாள். கடவுள் வந்தும் நியாயம் வரவில்லை. பார்ப்பவர் அந்தக் குறையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கி.மு. 408இல் வந்த ‘ஓரெஸ்டஸ்’தான் இதன் உச்சம். தாயைக் கொன்றதற்காக ஓரெஸ்டஸுக்கும் அக்கா எலெக்ட்ராவுக்கும் ஊர்ச்சபை மரண தண்டனை விதிக்கிறது. சாவதற்கு முன் பழிவாங்கலாம் என்று நண்பன் பிலாடீஸோடு சேர்ந்து சித்தியான ஹெலனைக் கொல்லப் பார்க்கிறார்கள். அவள் மாயமாக மறைந்துவிடுகிறாள். அவள் மகள் ஹெர்மியோனியைப் பிணையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசிக் காட்சியில் அரண்மனைக் கூரைமேல் ஓரெஸ்டஸ், அவன் கையில் வாள், வாளுக்குக் கீழே ஹெர்மியோனியின் கழுத்து. கீழே அவள் அப்பா மெனலாஸ். அரண்மனைக்குத் தீ வைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறான் ஓரெஸ்டஸ். அந்த நொடியில் அப்போலோ வந்து எல்லோருக்கும் ஏற்பாடு செய்கிறார். நீ ஓராண்டு நாடு விட்டுப் போ, பிறகு ஏதென்ஸில் விசாரணை, விடுதலை. எலெக்ட்ராவுக்கும் பிலாடீஸுக்கும் கல்யாணம். ஓரெஸ்டஸுக்கு யாரோடு கல்யாணம்? இப்போது யார் கழுத்தில் வாள் வைத்திருக்கிறானோ அந்தப் பெண்ணோடு.

எல்லோரும் சரி என்கிறார்கள். ஹெர்மியோனி மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஓரெஸ்டஸ் அப்போலோவிடம் சொல்லும் வரி ஒன்று உண்டு: உங்கள் குரலைக் கேட்பதாக நினைத்து, ஏதோ பழிதீர்க்கும் பேயின் குரலைத்தான் கேட்கிறேனோ என்று பயந்தேன் என்கிறான். தாயைக் கொல்லச் சொன்னதும் இதே குரல்தான். முடிவைச் சுபமாக்கவும் அதே குரல்தான் வர வேண்டியிருக்கிறது. யாரும் திருந்தவில்லை, யாரும் யாரையும் மன்னிக்கவில்லை, கல்யாணங்கள் மட்டும் நிச்சயமாகிவிட்டன. இது வேண்டுமென்றே திணித்த முடிவு. திணித்தது தெரியட்டும் என்றே திணித்தது. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலப்பொனேசியப் போரின் கடைசி ஆண்டுகள் அவை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்தான், கி.மு. 411இல், ஏதென்ஸில் மக்களாட்சி கவிழ்ந்து சிலராட்சி வந்து, பிறகு அதுவும் கவிழ்ந்தது. கடவுள் வந்து கைதூக்கிவிடாவிட்டால் இந்த மனிதர்கள் ஒருவரையொருவர் எரித்துவிடுவார்கள் என்று ஒரு முதியவர் தன் ஊர் மக்கள் முன்னால் சொல்கிறார். அதன் பிறகு அவர் மாசிடோனியாவுக்குப் போய்விட்டார், திரும்பவே இல்லை.

அரிஸ்டாட்டில் குறைசொன்ன, யூரிப்பிடீஸின் ‘மெடீயா’வுக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கி.மு. 431இல் போட்டியில் மூன்றாவது, அதாவது கடைசி இடம் பெற்ற நாடகம். கணவன் ஜேசன் தன்னைக் கைவிட்டு அரசன் மகளைக் கட்டிக்கொள்கிறான். மெடீயா புதுப்பெண்ணையும் அரசனையும் விஷம் தோய்ந்த ஆடையால் கொல்கிறாள், பிறகு தான் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் கொல்கிறாள். ஜேசன் கதவை உடைக்க ஓடிவரும்போது, அவள் சூரியனின் தேரில், பிள்ளைகளின் உடல்களோடு, வீட்டுக்கு மேலே நிற்கிறாள். தேர் வெளியிலிருந்து வந்தது என்பது குற்றச்சாட்டு. ஆனால் தான் சூரியனின் பேத்தி என்பதை அவளே முன்னால் சொல்லியிருக்கிறாள். அந்தக் கொலைகார ஆடையும் சூரியன் வழிவந்த சொத்துதான். அதைவிட முக்கியம், தேர் வருவதற்குள் அவள் செய்ய நினைத்தது அத்தனையும் செய்து முடித்துவிட்டாள். பிள்ளைகளைக் கொல்வதா வேண்டாமா என்று அவள் தனக்குள் முட்டி மோதும் அந்த நீண்ட பேச்சில் எந்தக் கடவுளும் தலையிடவில்லை. தலையிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் அது. கடவுளர் நிற்கும் உயரத்தில், பிள்ளைகளைக் கொன்ற தாய் போய் நிற்கிறாள், யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. முடிச்சு அங்கே அவிழவே இல்லை. பார்க்கும் நம் கையில் வந்து சேர்கிறது.

நம் பக்கத்துக் கதைகளையும் இந்தக் கேள்வியோடு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் துகில் கூத்து நடக்கும். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் காட்டிக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். சேலை வளர்கிறது, கூட்டம் கையெடுத்துக் கும்பிடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் கடவுள் வந்து காப்பாற்றிய கதை. ஆனால் கண்ணன் அருளுவதற்கு முன்னால் பாஞ்சாலி என்ன செய்தாள்? தன்னை முதலில் தோற்றவருக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று சபையைக் கேட்டாள். பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். நியாயமான பதில் வரவில்லை. சேலை வளர்ந்த பிறகும் வரவில்லை. அற்புதம் அவள் மானத்தைக் காத்ததே தவிர, சபையின் குற்றத்தைக் கழுவவில்லை. அதனால்தான் அற்புதத்துக்குப் பிறகும் அவளுக்குச் சபதம் செய்ய வேண்டியிருக்கிறது. பாரதி தன் காவியத்துக்கு அந்தச் சபதத்தின் பெயரை வைத்தார், அதிலேயே முடித்தார். கடவுள் வந்ததோடு கதை முடிந்தது என்று யாராவது சொன்னால், விரிந்த கூந்தலை அவர்கள் பார்க்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் தெய்வம் வருவது இன்னும் தாமதம். கண்ணகி வழக்குரைத்துவிட்டாள், அரசன் வீழ்ந்துவிட்டான், மதுரை எரிகிறது. அதற்குப் பிறகுதான் மதுராபதி வருகிறாள். அதுவும் முன்னால் வந்து நிற்கத் துணியாமல் பின்னால் வந்து பேசுகிறாள். முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்ததையும், சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கியதையும், அவன் மனைவி நீலியின் சாபத்தையும் சொல்கிறாள். வினைப்பயன் என்று கணக்கைத் தீர்த்துவைக்கும் பேச்சு. கண்ணகி அதில் சமாதானம் ஆகிறாளா? கணவனைக் காணும்வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிறாள். கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துவிட்டு, கீழைவாயிலில் கணவனோடு வந்தேன், மேலைவாயிலில் தனியே போகிறேன் என்று வெளியேறுகிறாள். தெய்வத்தின் விளக்கம் ஒருபுறம், அவள் துயரம் ஒருபுறம். இளங்கோவடிகள் முதலாவதால் இரண்டாவதை மூடவில்லை. வானத்திலிருந்து தேர் வருவது 14ஆம் நாள்தான்.

சிறுத்தொண்டர் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நிறைவு பெறாது. அது என்னைச் சின்ன வயதிலிருந்து உறங்கவிடாத கதை. வாதாபி வரை படைநடத்திச் சென்ற பரஞ்சோதியார், திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுது படைக்கும் தொண்டராக இருக்கிறார். பைரவர் கோலத்தில் வந்தவர் பிள்ளைக்கறி கேட்கிறார். தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், மனம் உவந்து செய்ய வேண்டும். செய்கிறார்கள். சமைத்துப் படைத்த பிறகும் அவர் உண்ணவில்லை. உன் மகனைக் கூப்பிடு என்கிறார். இல்லாத மகனைத் தந்தை வெளியே போய்க் கூப்பிடுகிறார். சீராளன் பள்ளியிலிருந்து வருவதுபோல் ஓடி வருகிறான்.

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஆச்சி. “சாமி முன்னாடியே வந்து தடுத்திருக்கலாம்லா ஆச்சி?” என்று கேட்டேன். “முன்னாடியே வந்துட்டா அவரு என்னத்தலே குடுத்தாரு?” என்றாள். அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் முழுதாகப் போதவில்லை. அந்தப் பிள்ளையைக் கேட்டார்களா என்கிற கேள்வி என்னை விடவே இல்லை. ஆனால் கதை கட்டப்பட்ட விதத்தைப் பற்றி ஆச்சி சொன்னது சரி. சேக்கிழார் பெருமானின் நாயன்மார் கதைகளில் இடபத்தின்மேல் சிவன் தோன்றும் முடிவுகள் பல, ஆனாலும் அவர் திணிக்கப்பட்டவராகத் தெரிவதில்லை. ஏனென்றால் அவர் வெளியிலிருந்து வருவதில்லை. கதையின் முதல் வரியிலிருந்து கோவணம் கேட்டுக்கொண்டோ கறி கேட்டுக்கொண்டோ உள்ளேதான் இருக்கிறார். தொண்டர் தன்னால் ஆனதைச் செய்து தீர்க்கும்வரை காத்திருக்கவும் காத்திருக்கிறார்.

எனக்கு வருத்தம் தருவது வேறு வகை. 1681இல் நஹூம் டேட் என்ற கவிஞர் ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தைத் திருத்தி எழுதினார். லியரின் மகள் கார்டீலியா சாகவில்லை, எட்கரை மணக்கிறாள், லியருக்கு அரசு திரும்பக் கிடைக்கிறது. சுமார் ஒன்றரை நூற்றாண்டு மேடையில் ஓடியது இந்த லியர்தான். 1838இல் மக்ரெடி என்ற நடிகர்தான் ஷேக்ஸ்பியரின் நாடகத்தை மேடைக்கு மீட்டார். டேட்டை விரும்பியவர்களின் மனம் புரியாமல் இல்லை. ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சனே, கார்டீலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில், பதிப்பாசிரியராக வேலை செய்ய நேரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் துணியவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த வலி உண்மை. ஆனால் நாட்டைப் பிரித்துக் கொடுத்து, உண்மை பேசிய மகளைத் துரத்திய ஒரு தந்தையின் செயலுக்குப் பலனே இல்லாமல் செய்துவிட்டால், அவர் புயலில் நின்று கதறியது எதற்காக?

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ‘டார்ட்யூஃப்’ பற்றி அவ்வளவு கடுமையாகப் பேச எனக்கு மனமில்லை. போலிப் பக்தன் ஒருவன் குடும்பத்தின் வீட்டையே எழுதி வாங்கிவிடுகிறான். குடும்பத் தலைவரைக் கைதுசெய்ய அதிகாரியோடு வருகிறான். அதிகாரி திரும்பி அவனையே கைதுசெய்கிறார், எல்லாம் அறிந்த அரசரின் புகழை நீளமாகப் பாடுகிறார். நாடகம் 1664இல் வெர்சாயில் நடந்தவுடன் தடைசெய்யப்பட்டது. 1669இல்தான் பொதுமேடைக்கு அனுமதி கிடைத்தது. அனுமதித்தவர் அதே அரசர், பதினான்காம் லூயி. கதைக்குள்ளே வந்து காப்பாற்றியவர் கதைக்கு வெளியேயும் வந்துதான் காப்பாற்றினார். 1928இல் பெர்லினில் மேடையேறிய, பிரெக்ட்டின் ‘மூன்று பைசா இசைநாடகம்’ இந்த வழக்கத்தையே எடுத்துப் போட்டு உடைத்தது. தூக்குமேடையில் நிற்கும் கொள்ளைக்காரனுக்கு அரசியின் மன்னிப்போடு குதிரைவீரன் வருகிறான். பட்டம், கோட்டை, ஆயுள் முழுக்க உதவித்தொகை எல்லாம் கிடைக்கிறது. நிஜ வாழ்க்கையில் குதிரைவீரர்கள் அநேகமாக வருவதே இல்லை என்று ஒரு பாத்திரம் சபைக்கே சொல்லிவிடுகிறது. பிரெக்ட்டின் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓரெஸ்டஸின் முகத்தில் யூரிப்பிடீஸ் அதைச் சொல்லாமலே காட்டிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது நம் படங்களிலும் தொடர்களிலும் கடவுள் அதிகம் வருவதில்லை. சூலம் பறந்துவந்து வில்லனைக் குத்திய காலம் போய்விட்டது. குடும்பப் பாட்டைப் பாடிப் பிரிந்த அண்ணன் தம்பிகள் சேர்ந்த காலமும் போய்விட்டது. அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். சூலம் பறந்ததைக் கைதட்டிப் பார்த்த கூட்டம், தனக்கு யாரும் நியாயம் தரவில்லை என்பதை நன்றாக அறிந்த கூட்டம். இன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது மனம் திருந்துதல். ஷேக்ஸ்பியரின் ‘நீங்கள் விரும்பியபடி’யிலேயே இது உண்டு. படையோடு வந்த கொடிய கோமான் காட்டோரத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்து மனம் மாறி அரசைத் திருப்பித் தந்துவிட்டான் என்று ஒருவன் வந்து சொல்வான், அவ்வளவோடு சரி. அது ஆட்டமும் பாட்டுமாக முடிகிற இன்பியல் நாடகம், யாருக்கும் உறுத்தாது. நம் குடும்பக் கதைகளில் உறுத்துகிறது. இருநூறு பகுதிகளுக்கு மனைவியை அடித்த கணவன் ஒரே காட்சியில் அழுது காலில் விழுகிறான். அல்லது அவனுக்கு விபத்து நடக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான், அவள் ஓடி வருகிறாள்.

அந்தக் காட்சிக்கு முந்தைய காட்சியை நினைத்துப் பாருங்கள். அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். எங்கே போவது, கையில் எவ்வளவு இருக்கிறது, அம்மா வீட்டில் கதவைத் திறப்பார்களா என்று எண்ணிக்கொண்டு நிற்கிறாள். எழுத்தாளர் உண்மையிலேயே நன்றாக எழுதிய காட்சியாகக்கூட அது இருக்கும். நடிக்கும் பெண் உயிரைக் கொடுத்து நடித்திருப்பார். அப்போது போன் அடிக்கிறது, விபத்துச் செய்தி வருகிறது. நியோப்டோலமஸுக்கு சோஃபக்ளீஸ் கொடுத்த அந்த அரை நிமிடத்தை இந்தப் பெண்ணுக்கு யாரும் கொடுப்பதில்லை. விபத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. கணவன் திருந்தக் கூடாது என்றும் சொல்லவில்லை, மனிதர்கள் திருந்துவதுண்டு. அவள் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, டிக்கெட் வாங்கட்டும். போன் அதற்குப் பிறகு அடிக்கட்டும். அப்போது அவள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அது அவள் முடிவாக இருக்கும். பார்க்கும் நாமும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வோம். தொடர் எழுதும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை அந்தப் போனை ஒரு காட்சி தள்ளி வைத்துப் பாருங்கள் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.